கைப்பேசிக் கதிர்வீச்சும் மனித நலமும்

கைப்பேசியும் அதற்குரிய கோபுரமும் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ரேடியோ அலைகள், அக்கருவியை நாள்தோறும் காதோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் மனிதரின் சரீரத்துக்குத் தீங்கு விளைக்கின்றனவா என்பதை ஆராயும் விஞ்ஞான முயற்சிகள், இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு முதல் இடைவிடாது நடந்து வருகின்றன. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு போட்டானுக்குரிய சக்தி சுமார் 3.7 மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட். அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பெயர்த்தெடுக்க ஏறத்தாழ 10 எலெக்ட்ரான்வோல்ட் வேண்டும். ஆதலால் எக்ஸ் கதிர் செய்வதுபோல மரபுப் பொருளை நேரே முறிக்கும் வலிமை இவ்வலைகளுக்கு இல்லை என்பதில் பௌதிக அறிஞரிடையே அபிப்பிராய பேதம் கிடையாது. போதிய அளவில் பாய்ந்தால் இவை திசுக்களைச் சூடேற்றும் என்பதையும் எவரும் மறுப்பதில்லை. உஷ்ணம் குறிப்பிடத்தக்க அளவு ஏறாத நிலையிலும் உயிரணுக்களில் வேறு விளைவு ஏதேனும் உண்டாகிறதா என்பதே வழக்கு.

உயர் அதிர்வெண் மின்னோட்டம் தசைகளைத் துடிக்கச் செய்யாமல் சரீரத்தின் ஊடே செல்லும் என்பதைப் பிரெஞ்சு மருத்துவ அறிஞர் தார்சன்வால் 1890-களில் காட்டினார். இரண்டாம் உலக யுத்தத்தில் ரேடார் பெருகியதும், அதனருகில் பணிபுரிந்தோரின் நலம் பற்றிய கவலை தோன்றியது. நுண்ணலையால் விலங்குகளின் கண்ணில் புரை விழுந்ததை 1948-ல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். பென்சில்வேனியா சர்வகலாசாலையின் ஹெர்மன் ஷ்வான், உடல் தாங்கக்கூடிய உஷ்ணத்தைக் கணக்கிட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் என்ற வரம்பை 1953-ல் அந்நாட்டுக் கடற்படைக்குப் பரிந்துரைத்தார். சோவியத் நாட்டிலோ இதில் ஆயிரத்தில் ஒரு பங்கே வரம்பாக வகுக்கப்பட்டது. ஒரே அலைக்கு இரு தேசங்கள் விதித்த எல்லைகள் இவ்வளவு வேறுபட்டதன் காரணம் குறித்து ஒருமித்த முடிவு இல்லை. நரம்பு மண்டலத்தின் நுட்பமான மாறுதல்களைச் சோவியத் விஞ்ஞானிகள் பெரிதாக மதித்தனர் என்பர் சிலர், வரம்பு ஏட்டளவிலேயே நின்றது என்பர் வேறு சிலர். மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மீது பல ஆண்டுகள் நுண்ணலை பாய்ச்சப்பட்ட சங்கதியும் இக்காலத்ததே. அங்குப் பணியாற்றியோரைக் கிழக்கு ஐரோப்பாவின் பிற தூதரகங்களில் இருந்தோருடன் ஒப்பிட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறிஞர் லிலியன்ஃபெல்ட், உறுதியான தீங்கு புலப்படவில்லை என்று 1978-ல் அறிவித்தார்.

கையில் ஏந்திப் பேசும் தொலைபேசியை மோட்டொரோலா நிறுவனத்தின் மார்ட்டின் கூப்பர் 1973 ஏப்ரல் 3-ஆம் நாள் நியூயார்க் வீதியில் இயக்கிக் காட்டினார். பத்தாண்டு கழித்து அது விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் சரீர விளைவு பற்றிப் பொதுமக்களிடையே பேச்சு அதிகம் எழவில்லை. 1993 ஜனவரியில், மூளைக் கட்டியால் மனைவியை இழந்து, அதற்குக் கைப்பேசியே காரணம் என்று வழக்குத் தொடுத்திருந்த புளோரிடாவாசி ஒருவர், பிரபலமான ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தம் குறையைச் சொன்னார். கைப்பேசி நிறுவனங்களின் பங்கு விலைகள் சரிந்தன. விஞ்ஞானச் சான்று போதாதென்று வழக்கு 1995-ல் தள்ளுபடியாயிற்று. ஆயினும் தொழில் நிறுவனங்களே 2.5 கோடி டாலர் ஒதுக்கி ஆராய்ச்சிக்கு ஏற்பாடு செய்ய நேர்ந்தது. பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி அன்றுமுதல் இத்துறையின் ஒவ்வொரு முடிவையும் தொடர்ந்து வருகிறது.

சோதனைக்கூடத்திலிருந்து வந்த முதற் செய்திகள் கலக்கத்தை மிகுவித்தன. சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையின் ஹென்றி லாய், நரேந்திர சிங் ஆகிய இருவரும், இரண்டு மணி நேரம் நுண்ணலைக்கு ஆட்பட்ட எலிகளின் மூளை உயிரணுக்களில் மரபிழைகள் அறுந்திருந்ததாக 1995-ல் எழுதினர். செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள, அதே வாஷிங்டன் பெயரைத் தாங்கிய வேறொரு சர்வகலாசாலையின் குழு அச்சோதனையைத் திரும்பச் செய்தபோது அறுந்த இழை எதுவும் தென்படவில்லை. புற்றுநோய்க்கு ஆளாகும்படி மரபு மாற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு நாளொன்றுக்கு இரு அரைமணி நேரம் 900 மெகாஹெர்ட்ஸ் அலையைச் செலுத்திய ஆஸ்திரேலியரான ரெபகோலி, நிணநீர்ப் புற்று 2.4 மடங்கு அதிகரித்ததாக 1997-ல் கூறினார். அதே அடிலெய்டு நகரில் 2002-ல் முடிந்த மறு ஆய்வு அதை உறுதி செய்யவில்லை. முறைகள் முற்றிலும் ஒன்றல்ல என்ற வாதமும் உண்டு.

எவ்வளவு அலை தலைக்குள் செல்கிறது என்பதை அளக்கும் முறையும் இக்காலத்தில் உருப்பெற்றது. ஒரு கிலோகிராம் திசு உறிஞ்சும் சக்தியை வாட் கணக்கில் கூறும் இவ்வளவை 'சார்' என்று சுருக்கி வழங்குவர். 1996-ல் அமெரிக்கா ஒரு கிராம் திசுவின் சராசரியில் 1.6 வாட் என்றும், 1998-ல் சர்வதேசக் குழு பத்து கிராமின் சராசரியில் 2 வாட் என்றும் உச்ச வரம்பு கட்டின. இதைச் சோதிக்கும் கருவி வர்ணிக்கத் தக்கது. அமெரிக்க ராணுவ ஆடவரில் பெருந்தலை படைத்தோரின் அளவையொட்டி வார்த்த, உள்ளே வெறுமையான பிளாஸ்டிக் தலை ஒன்று ஒருக்களித்த நிலையில் மேசையில் பதிக்கப்பட்டிருக்கும். மூளைத் திசுவின் மின் குணத்தை ஒத்த திரவம் அதில் நிரப்பப்படும். 900 மெகாஹெர்ட்ஸ் சோதனைக்கு வெகுகாலம் வழங்கிய திரவத்தில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை, மீதி பெரும்பாலும் நீர், சிறிது உப்பு. நாட்பட்டால் புளித்துவிடாதிருக்கக் கிருமிநாசினியும் துளி சேர்ப்பார்கள். கைப்பேசியைக் கீழிருந்து காதோடு பொருத்தி, இயந்திரக் கை ஒன்று மெல்லிய உணர்கோலை அந்தப் பாகினுள் அங்குலம் அங்குலமாக நகர்த்தி மின்புலத்தை அளக்கும். குழந்தையின் தலைக்கு இந்த அளவீடு பொருந்துமா என்பது பற்றிய சர்ச்சை ஓயவில்லை.

பிரிட்டிஷ் சர்க்கார் நியமித்த, சர் வில்லியம் ஸ்டூவர்ட் தலைமையிலான குழு, தீங்குக்குச் சான்றில்லை என்றாலும் குழந்தைகள் அவசியமின்றிக் கைப்பேசியில் பேசுவதைத் தவிர்ப்பது நலம் என்று 2000-ல் சொன்னது.

இத்துறையின் ஆய்வுகளுள் மிக விரிவான ஆவணங்களை விட்டுச்சென்றது 'இன்டர்ஃபோன்' என்பதாகும். லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் சார்பில் எலிசபெத் கார்டிஸ் ஒருங்கிணைத்த இம்முயற்சியில் 13 நாடுகள் பங்கேற்றன. 2000 முதல் 2004 வரையில் மூளைக் கட்டி கண்டறியப்பட்ட, 30-க்கும் 59-க்கும் இடைப்பட்ட வயதினரைத் தேடிப்பிடித்து, அவர்களையும், வயதிலும் பாலினத்திலும் ஒத்த நோயற்றவர்களையும் நேரில் கண்டு, எந்த ஆண்டு முதல் கைப்பேசி வைத்திருக்கிறீர்கள், வாரத்துக்கு எத்தனை முறை பேசுவீர்கள், எந்தக் காதில் வைப்பீர்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வாரம் ஒருமுறை வீதம் ஆறு மாதம் பேசியிருந்தால் 'வாடிக்கையாளர்' என்று கொள்ளப்பட்டார். அந்நாளைய வாடிக்கையாளரின் நடுத்தர உபயோகம் மாதத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரமே என்பதை இன்றைய வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும்.

கிளையோமா என்னும் கட்டியுற்ற 2,708 பேரையும் மெனிஞ்சியோமா கட்டியுற்ற 2,409 பேரையும் அடக்கிய முடிவுகள், ஆய்வாளரிடையே பொருள்கொள்ளுவதில் உண்டான மனவேற்றுமையால் பல ஆண்டு தாமதித்து, 2010 மே மாதத்தில்தான் வெளிவந்தன. வாடிக்கையாளருக்குக் கிளையோமா வரும் வாய்ப்பு, கைப்பேசியைத் தொடாதவரின் வாய்ப்பில் 0.81 பங்கு என்று கணக்குக் காட்டியது. அதாவது கைப்பேசி மூளையைக் காப்பாற்றுகிறது என்று பொருள்! இதை ஆய்வாளரே நம்பவில்லை. அழைக்கப்பட்ட நோயற்றவருள் 53 சதவீதத்தினரே பேட்டிக்கு இசைந்தனர் என்பதும், கைப்பேசி இல்லாதவர் 'நமக்கு இதில் என்ன' என்று அதிகமாக ஒதுங்கியிருக்கலாம் என்பதும் காரணமாகக் கூறப்பட்டன. மறுபுறம், மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்ன உச்சப் பத்திலொரு பங்கினரிடம் வாய்ப்பு 1.40 மடங்காக உயர்ந்தது. பத்தாண்டில் பரப்பிப் பார்த்தால் இது நாளுக்கு அரைமணி அளவே. ஆனால் அவ்வகுப்பில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களும் சிலர் இருந்தனர்.

மனித ஞாபகத்தை எவ்வளவு நம்பலாம் என்பதையும் இக்குழுவினர் தனியே பரிசோதித்தார்கள். தன்னார்வலரின் நினைவைத் தொலைபேசி நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டபோது, மக்கள் அழைப்புகளின் எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்தும், பேசிய நேரத்தைச் சுமார் 1.4 மடங்கு கூட்டியும் சொல்வது தெரியவந்தது. வலப்பக்கம் கட்டியுள்ளவர், தாம் வலக்காதிலேயே பேசி வந்ததாகப் பின்னர் நம்பத் தலைப்படுவது மனித சுபாவம். ஆயினும் 1.40 என்ற எண் முழுவதும் ஞாபகப் பிசகே என்று தள்ளிவிட இயலாது என்போரும் தகுதி மிக்கவர்களே. ஸ்வீடனின் ஹார்டெல் குழுவினரும் தம் ஆய்வுகளில் இவ்வித உயர்வைக் கண்டதாகக் கூறி வந்துள்ளனர்.

ஞாபகத்தை நம்பாத மற்றொரு வழியை டென்மார்க் கடைப்பிடித்தது. 1982 முதல் 1995 வரை கைப்பேசிச் சந்தா கட்டிய 4,20,095 பேரின் பெயர்களை நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்ததில் 2001-லும் பின்னரும் அதிகரிப்பு எதுவும் காணப்படவில்லை. இம்முறைக்கும் ஒரு குறை இருந்தது: கம்பெனிகளின் பேரில் இருந்த இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சந்தாக்களுக்கு உரிய ஆள் யாரெனத் தெரியாமையால் அவை விலக்கப்பட்டன, ஆக, அக்காலத்தில் மிகுதியாகப் பேசிய வியாபாரப் பிரதிநிதிகள் பலர் கைப்பேசி இல்லாதோர் வரிசையில் போய்ச் சேர்ந்தனர். கைப்பேசியின் தீமைகளில் மிகத் தெளிவாக நிறுவப்பட்டதற்கும் கதிர்வீச்சுக்கும் சம்பந்தமில்லை என்பதையும் இங்கே குறிப்பிடலாம். விபத்துக்குள்ளான 699 கார் ஓட்டிகளின் தொலைபேசிக் கட்டணப் பதிவுகளை டொரொன்டோவில் ஆராய்ந்து, பேசிக்கொண்டே ஓட்டுகையில் விபத்து அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என ஆய்வாளர் 1997-ல் நிறுவினர்.

2011-ல் அமெரிக்காவின் நோரா வால்கோ, 47 பேரின் காதோரம் ஒலி அடக்கிய கைப்பேசியை 50 நிமிடம் இயங்கவிட்டுப் படமெடுத்ததில், ஆன்டெனாவுக்கு அருகிலுள்ள மூளைப் பகுதி சுமார் 7 சதவீதம் அதிக குளுகோஸைச் செலவிட்டது என்றார். அதனால் நன்மையா தீமையா என்பதை அவர் சொல்லவில்லை. அதே ஆண்டு மே மாதம், 14 நாடுகளைச் சேர்ந்த 31 விஞ்ஞானிகள் மேற்சொன்ன லியோன் ஸ்தாபனத்தில் எட்டு நாள் கூடி, ரேடியோ அலைகளை அதன் வகைப்பாட்டில் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்னும் 2-பி வகுப்பில் சேர்த்தனர். அவ்வகுப்பில் அப்போது காப்பியும் இருந்தது. காப்பி 2016-ல் விடுவிக்கப்பட்டது, கைப்பேசி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

விலங்காய்வுகளில் தலையாயது அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் சுமார் 3 கோடி டாலர் செலவில் சிகாகோவில் நடத்தியதாகும். உலோகச் சுவரும் சுழலும் துடுப்புகளும் கொண்ட 21 அறைகளில், தாயின் வயிற்றிலிருந்தபோதே தொடங்கி இரண்டாண்டு வரை, பத்து நிமிடம் அலை, பத்து நிமிடம் ஓய்வு என்று மாறி மாறி நாளுக்கு ஒன்பது மணி நேர அளவு எலிகள் அலைக்கு ஆட்படுத்தப்பட்டன. அவற்றின் முழு உடலும் பெற்ற அளவு கிலோகிராமுக்கு 1.5 முதல் 6 வாட் வரை; மனிதருக்கு முழு உடல் வரம்பு 0.08. 2018 நவம்பரில் வந்த இறுதி அறிக்கை, ஆண் எலிகளின் இதயத்தில் ஷ்வான்னோமா என்ற அரிய கட்டி உண்டானதற்குத் 'தெளிவான சான்று' உண்டு என்றது. அலைக்கு ஆட்படாத 90 ஆண் எலிகளில் ஒன்றுக்கும் அது இல்லை, ஒருவகை அலையை உச்ச அளவில் பெற்ற 90-ல் ஆறுக்கு இருந்தது. பெண் எலிகளிடமும் சுண்டெலிகளிடமும் அவ்வளவு தெளிவு இல்லை. விளங்காத புதிராக, அலையில் வாழ்ந்த ஆண் எலிகளே நீண்ட நாள் பிழைத்திருந்தன. இந்த ஆய்வை வேண்டிக் கேட்டிருந்த மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமே அதன் முடிவோடு உடன்படவில்லை. இத்தாலியில் போலோனாவின் ராமாட்சினி ஸ்தாபனமும் அதே ஆண்டில் 2,448 எலிகளைக் கொண்டு, மிகக் குறைந்த அளவு அலையில், ஒத்த கட்டியைக் கண்டதாக எழுதியது.

இந்தியாவில் மந்திரிசபைத் துறைகளிடையேயான குழு ஒன்றின் பரிந்துரைப்படி, 2012 செப்டம்பர் 1 முதல் கோபுர அலைக்குச் சர்வதேச வரம்பில் பத்திலொரு பங்கே அனுமதிக்கப்படுகிறது. கருவிகளுக்கு அமெரிக்காவின் 1.6 வாட் வரம்பு ஏற்கப்பட்டது. கைப்பேசியால் இளையோருக்கு மூளைக் கட்டி வருகிறதா என்பதை ஆராய்ந்து 'இல்லை' என்ற முடிவுக்கு வந்த 14 நாட்டு ஆய்விலும் இந்தியா பங்குகொண்டது. பறவைகள் அழிவதற்குக் கோபுரங்களே காரணம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பரவலானது. அதைக் கதையாக்கிய ஷங்கரின் '2.0' திரைப்படம் 2018 நவம்பர் இறுதியில் வெளிவருமுன், கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது. சிட்டுக்குருவி குறைந்ததற்குக் கோபுரம்தான் காரணம் என்பது நிறுவப்படவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் வேண்டுகோளின்பேரில் 63 ஆய்வுகளைத் தொகுத்த ஆஸ்திரேலியர் தலைமையிலான குழு, மூளைப் புற்றுக்கும் கைப்பேசிக்கும் தொடர்பில்லை என 2024-ல் முடிவு கூறியது. அதே ஸ்தாபனத்துக்காக விலங்காய்வுகளைத் தொகுத்த மற்றொரு குழு, ஆண் எலிகளின் இதயக் கட்டிக்கான சான்று வலுவானது என்று 2025-ல் எழுதியது. வாடிக்கையாளரின் உபயோகத்தை வருங்காலம் நோக்கிப் பின்தொடரும் 'காஸ்மாஸ்' ஆய்வு, இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரிடையே இதுவரை மூளைக் கட்டி அபாயம் எதையும் காணவில்லை. 2-பி வகுப்பை மறு பரிசீலனை செய்வது முன்னுரிமைக்குரியது என்று லியோன் ஸ்தாபனத்தின் ஆலோசகர்கள் 2019-ல் தெரிவித்தனர். ஐந்தாம் தலைமுறைச் சேவைக்குரிய மில்லிமீட்டர் அலைகள் தோலைத் தாண்டி அதிகம் ஊடுருவுவதில்லை. அவ்வலைகளைப் பற்றி மனிதரிடம் நடந்த ஆய்வுகள் சொற்பமே.