மேடையில் நின்ற மூன்றாவது மனிதர்



1968ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் மெக்சிகோ நகர ஒலிம்பிக் அரங்கில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெற்றி மேடையில் மூன்று ஓட்டவீரர்கள் நிற்கிறார்கள். அமெரிக்க தேசிய கீதம் ஒலிக்கிறது. கறுப்பினத்தவரான இருவர் தலையைத் தாழ்த்தி, கறுப்புக் கையுறை அணிந்த கையை முஷ்டியாக மடக்கி உயர்த்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னே, இரண்டாம் இடத்துக்குரிய படியில், வெள்ளை இனத்தவர் ஒருவர் கைகளைத் தொங்கவிட்டு நேராகப் பார்த்தபடி நிற்கிறார். படத்தைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அவரைக் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களும், நடப்பது இன்னதென்று அறியாமல் நின்றவர் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். இந்த வாரம் அந்த மூவரின் வரலாற்றையும், சிறப்பாக அந்த மூன்றாமவரின் வரலாற்றையும் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

கையுயர்த்திய இருவரில் ஒருவர் டாமி ஸ்மித். டெக்சாஸ் மாநிலத்தில் பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர் ஜான் கார்லோஸ், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்தவர். இருவரும் கலிபோர்னியாவிலுள்ள சான் ஹோசே அரசுக் கல்லூரியில் பயின்றவர்கள். அமெரிக்காவில் 1964இல் குடிமை உரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறியிருந்தன. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் வாழ்க்கை மாறவில்லை. நாட்டிற்காக ஓடிப் பதக்கம் வென்ற கறுப்பின வீரர், ஊர் திரும்பி வாடகைக்கு வீடு தேடினால் கதவு மூடப்படும் நிலை இருந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று போதகர் மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துயரம் ஆறுமுன்பே ஒலிம்பிக் போட்டிகள் வந்தன.

அதற்கு முந்தின ஆண்டிலேயே, சமூகவியல் ஆசிரியரான ஹாரி எட்வர்ட்ஸ் என்பவரின் முயற்சியால் ‘மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் செயல்திட்டம்’ என்னும் அமைப்பு தோன்றியிருந்தது. இனஒதுக்கலைக் கடைப்பிடித்த தென்னாப்பிரிக்காவையும் ரொடீஷியாவையும் போட்டிகளில் சேர்க்கலாகாது, குத்துச்சண்டை வீரர் முகமது அலியிடமிருந்து பறிக்கப்பட்ட பட்டத்தைத் திருப்பித் தரவேண்டும், கறுப்பினப் பயிற்சியாளர்களை அதிகமாக நியமிக்கவேண்டும் என்பவை அதன் கோரிக்கைகளில் சில. போட்டிகளையே புறக்கணிப்பது குறித்தும் பேசினார்கள். அதில் ஒருமனப்பாடு ஏற்படவில்லை. எனவே, அவரவர் தம் மனச்சாட்சியின்படி சாட்சி பகரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

200 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஸ்மித் 19.83 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். 20.06 விநாடிகளில் இரண்டாவதாக வந்தவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன். கார்லோஸ் 20.10 விநாடிகளில் மூன்றாமிடம் பெற்றார்.

நார்மன் மெல்போர்ன் நகரத்தவர். வயது 26. உடற்பயிற்சி ஆசிரியர். இரட்சணிய சேனையைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்து, அந்த விசுவாசத்தைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டவர். அவருடைய நாட்டிலும் நிறபேதம் இருந்தது. வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுத்த ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ கொள்கை அப்போது முற்றிலும் ஒழிந்திருக்கவில்லை. பூர்வகுடி மக்களைத் தேசிய மக்கள்தொகைக் கணக்கில் சேர்ப்பதற்கே 1967இல் ஒரு பொது வாக்கெடுப்பு தேவைப்பட்டது.

பரிசளிப்புக்காகக் காத்திருந்த வேளையில், தாங்கள் செய்யப்போவதை ஸ்மித்தும் கார்லோஸும் நார்மனிடம் தெரிவித்தார்கள். மனித உரிமைகளில் நம்பிக்கை உண்டா என்று கேட்டார்கள். கடவுளை விசுவாசிக்கிறீர்களா என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் ஆம் என்று சொன்ன நார்மன், தாமும் அவர்களோடு நிற்பதாக வாக்களித்தார். அவருடைய கண்களில் அச்சத்தை எதிர்பார்த்ததாகவும், அங்கே அன்பையே கண்டதாகவும் கார்லோஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கார்லோஸ் தம் கையுறைகளை மறந்து வந்துவிட்டார். ஸ்மித்திடமிருந்த ஒரு சோடியை இருவரும் பகிர்ந்து அணியலாம் என்று யோசனை சொன்னவர் நார்மன்தான். அதனால்தான் ஒருவர் வலக்கையையும் மற்றவர் இடக்கையையும் உயர்த்தினர். பின்பு நார்மன், அங்கிருந்த அமெரிக்கப் படகோட்ட அணியின் பால் ஹாஃப்மன் என்னும் வெள்ளை இன வீரரிடமிருந்து அந்த அமைப்பின் சின்னத்தைக் கேட்டு வாங்கித் தம் மார்பில் குத்திக்கொண்டார்.

ஸ்மித்தும் கார்லோஸும் காலணிகளைக் கழற்றிவிட்டு, கறுப்புக் காலுறைகளோடு மேடையேறினார்கள். அது தம் மக்களின் வறுமைக்கு அடையாளம். கார்லோஸ் அணிந்திருந்த மணிமாலை, கும்பல்களால் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் நினைவுக்கானது. கீதம் ஒலிக்கத் தொடங்கியதும் இருவரும் தலைகுனிந்து கையுயர்த்தினர். நார்மன் அவர்களுக்கு முன்னே நின்றதால் அதைக் கண்ணால் காணவில்லை. கீதத்தோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்த குரல்கள் தேய்ந்து அடங்கியதைக் கேட்டே, நடந்தது இன்னதென்று உணர்ந்தார். அவர் கையுயர்த்தவில்லை, அந்தத் துயரம் தம்முடைய துயரம் என்று உரிமை கோரவுமில்லை. மார்பில் ஒரு சிறிய சின்னம் மட்டும் இருந்தது. அதற்கும் ஒரு விலை இருந்தது.

அரங்கை விட்டு வெளியேறியபோது கூச்சலும் இகழ்ச்சியும் எழுந்தன. அன்றைய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் ஏவரி பிரண்டேஜ். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெர்மானிய வீரர்கள் நாஜி வணக்கம் செலுத்தியபோது அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராயிருந்தவரும் அவரே. அந்த வணக்கத்திற்கு அவர் ஆட்சேபம் எழுப்பவில்லை. இப்போதோ, விளையாட்டில் அரசியல் கலந்துவிட்டது என்று கண்டனம் எழுந்தது. அமெரிக்கத் தடகள அணி முழுவதையும் விலக்க நேரிடும் என்ற அச்சுறுத்தலுக்குப் பின், இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு ஒலிம்பிக் கிராமத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நாடு திரும்பியவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. வேலை கிடைப்பது அரிதாயிற்று.

இதே ஒலிம்பிக்கில், சில நாட்களுக்குப் பின், இன்னொரு மேடையில் நடந்ததையும் கவனியுங்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா, தம் நாட்டில் சுதந்திரம் கோரிய அறிக்கையில் கையொப்பமிட்டவர். ஆகஸ்ட் மாதத்தில் சோவியத் படைகள் நாட்டுக்குள் புகுந்தபோது மலைப்பகுதிக்குச் சென்று ஒளிந்திருந்து, மரக்கிளைகளில் தொங்கியும் உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கியும் பயிற்சி செய்தார். மெக்சிகோவில் 4 தங்கமும் 2 வெள்ளியும் வென்றார். சோவியத் கீதம் ஒலித்தபோது தலையைத் தாழ்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம் நாட்டுக்குத் திரும்பியபின் பல ஆண்டுகள் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. 1989இல் ஆட்சி மாறிய பிறகே அவருக்குரிய கனம் திரும்பக் கிடைத்தது.

அன்பானவர்களே, சாஸ்லாவ்ஸ்காவின் செய்கையைக் கேட்டவுடன் நம் உள்ளம் அவர் பக்கம் சாய்கிறது. அங்கே ஒலித்தது நம்முடைய கீதமன்று. அந்த அநீதியும் நம்முடையதன்று. தூரத்திலுள்ள அநீதியைக் கண்டறிவது எளிது. நாம் நேசிக்கும் கீதத்தின் முன்னே, நம்மோடு வாழும் ஒருவர் தலைகுனிந்தால் அதே கண்களால் அவரைப் பார்க்கிறோமா? நம்மை நாமே சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

தேசிய கீதம் இதற்குரிய வேளைதானா என்று கேட்பவர்களின் கேள்வியை நான் அற்பமாக எண்ணவில்லை. கொடி போர்த்திய பெட்டியில் மகனைப் பெற்றுக்கொண்ட தாய்க்கு அந்தக் கீதம் வெறும் இசையன்று. 2016இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக், காவல்துறையினரால் கறுப்பின மக்கள் கொல்லப்படுவதை எதிர்த்து, கீதம் ஒலிக்கையில் முதலில் உட்கார்ந்தே இருந்தார். முன்னாள் படைவீரரும் கால்பந்து ஆடியவருமான நேட் பாயர் அதனால் புண்பட்டார். ஆனாலும் அவர் கேப்பர்னிக்கை நேரில் சந்தித்துப் பேசினார். வீழ்ந்த தோழனின் கல்லறைமுன் படைவீரர்கள் மண்டியிடுவதுண்டு, உட்காருவதைவிட அதுவே தகும் என்று எடுத்துரைத்தார். கேப்பர்னிக் அதை ஏற்றுக்கொண்டு, அதன்பின் முழங்காலில் நின்றார். அவரோடு மண்டியிட்ட எரிக் ரீட், தம் கிறிஸ்தவ விசுவாசமே தம்மை ஏவியது என்று எழுதினார். துக்கத்தில் அரைக்கம்பத்தில் இறக்கப்பட்ட கொடியைப் போன்றது தங்கள் முழங்கால் என்பது அவருடைய விளக்கம். அந்தப் பருவம் முடிந்தபின் எந்த அணியும் கேப்பர்னிக்கை ஒப்பந்தம் செய்யவில்லை. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, வீரர்களுக்கு முன்பே செவிகொடுக்காதது தவறு என்று அந்த லீகின் ஆணையர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அதற்குள் நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

தீர்க்கதரிசியாகிய ஆமோஸை நினைத்துப் பாருங்கள். ஆராதனைப் பாடல்களைத் தேவன் வெறுக்கிறார் என்று அவர் பேசியபோது, பாட்டின்மேல் அவருக்குப் பகை இருந்ததில்லை. ஏழைகளுக்கு நியாயம் மறுத்துவிட்டுப் பாடப்படும் பாட்டையே அவர் கண்டித்தார். அப்போது பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா, அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று ஆராயவில்லை. இது ராஜாவின் ஸ்தலம், இங்கே பேசாதே, உன் ஊருக்குப் போ என்று துரத்தினான். பேசப்பட்ட காரியத்தை விட்டுவிட்டு, பேசிய இடத்தையும் வேளையையும் குற்றப்படுத்துவது பழைய வழக்கம். மெக்சிகோவிலும் அதுவே நடந்தது. நம் வீடுகளிலும் சபைகளிலும்கூட, ஒருவர் தமக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்லும்போது, அவர் சொன்ன விதத்தைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம்.

இனி நார்மனிடம் திரும்புவோம். ஊர் திரும்பிய அவர் கண்டனங்களைச் சந்தித்தார். தகுதி நேரத்தைப் பலமுறை ஓடிக் காட்டியிருந்தும் 1972 மியூனிக் ஒலிம்பிக் அணியில் அவர் இடம்பெறவில்லை. அது மெக்சிகோவுக்கான தண்டனை என்றே அவரை நேசித்தவர்கள் கருதினார்கள். அவ்வாண்டுத் தேர்வுப் போட்டியில் அவர் மூன்றாவதாகவே வந்தார் என்று சொல்லி, ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கமிட்டி அதை மறுத்து வந்துள்ளது. எப்படியாயினும், நாட்டின் தலைசிறந்த குறுந்தொலைவு ஓட்டக்காரர் தம் நாட்டிலேயே ஏறக்குறைய மறக்கப்பட்டவராக வாழ்ந்தார். அவர் ஓடிய 20.06 விநாடி, 2024 டிசம்பர் வரை 56 ஆண்டுகள் ஆஸ்திரேலிய சாதனையாக நிலைத்திருந்தது. அந்தச் சின்னத்தை அணிந்ததற்காக அவர் ஒருபோதும் வருந்தவில்லை.

2005இல் சான் ஹோசே பல்கலைக்கழக வளாகத்தில் அந்த மேடைக்குச் சிலை எழுப்பினார்கள். ஸ்மித்தும் கார்லோஸும் கையுயர்த்தி நிற்கிறார்கள். இரண்டாம் படி மட்டும் வெறுமையாக இருக்கிறது. அது நார்மனின் விருப்பம். அங்கு வருகிற எவரும் அந்தப் படியில் ஏறி, தாமும் அவர்களோடு நிற்கும்படி அதை விட்டுவைக்கச் சொன்னார்.

அடுத்த ஆண்டு, 2006 அக்டோபர் 3 அன்று நார்மன் காலமானார். மெல்போர்னில் நடந்த அடக்க ஆராதனையில் அவருடைய பெட்டியைச் சுமந்தவர்களில் முன்னே நடந்தவர்கள் ஸ்மித்தும் கார்லோஸும்தான். 2012இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை, அவர் நாடு திரும்பியபின் நடத்தப்பட்ட விதத்திற்காக மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அதைக் கேட்க அவர் உயிரோடில்லை.

பவுல் அப்போஸ்தலர் ரோமாபுரியில் விலங்கிடப்பட்டிருந்தபோது அநேகர் அவரை விட்டு விலகினார்கள். ஒநேசிப்போரு என்பவர் மட்டும் அந்த விலங்கைக் குறித்து வெட்கப்படாமல், நகரமெங்கும் தேடி அவரைக் கண்டுபிடித்தார். ஒநேசிப்போரு சபைகளை நிறுவியதாகவோ நிருபங்களை எழுதியதாகவோ நாம் வாசிப்பதில்லை. விலங்கிடப்பட்ட ஒருவரின் பக்கத்தில் போய் நின்றார் என்பதே அவரைப் பற்றி வேதம் நமக்குச் சொல்லும் செய்தி. அவ்வளவும் பவுலுக்கு இளைப்பாறுதலாயிருந்தது.

நம்மில் பெரும்பாலோர் ஸ்மித்தின் இடத்திலோ கார்லோஸின் இடத்திலோ நிற்கப்போவதில்லை. அந்த இரண்டாம் படியோ நமக்கு அடிக்கடி வாய்க்கிறது. அலுவலகத்தில் ஒருவரைச் சாதி சொல்லி இழிவாகப் பேசும்போது, குடும்பத்தில் ஒரு பெண்ணின் முறையீட்டை அடக்கிவிடும்போது, சபையில் எளியவர் ஒருவரின் சொல் மதிக்கப்படாமற்போகும்போது, நாம் அவர் அருகில் நிற்கிறோமா, தள்ளி நிற்கிறோமா? இந்த வாரத்தில் அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். ஆலோசனை கூறுமுன் அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள்.

அன்பின் தேவன்தாமே, பிறர் துயரத்தின் அருகே நிற்கும் தைரியத்தை நமக்குத் தந்து நடத்துவாராக. ஆமென்.