விற்க மாட்டோம், வாங்க மாட்டோம்

தோல் பதனிடப் பட்டை வேண்டும். குரோம் உப்பு வருவதற்கு முன்னால் நம்மவர்கள் தொட்டியில் போட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் தாராவிக்குப் போய்த் தோல் தொழிலில் இறங்கியவர்களும், வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் தோல் ஷாப்புக்காரர்களும் அந்த மரபில் வந்தவர்கள்தான். ஆவாரை போதாமல் போனபோது கப்பலில் வந்தது வாட்டில் பட்டை. மரத்தின் தாய்வீடு ஆஸ்திரேலியா. அதைத் தோட்டம் தோட்டமாக வளர்த்து விற்றது தென்னாப்பிரிக்காவின் நேட்டால். கரும்புக்காட்டு வேலைக்காக 1860-இல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் போன 342 பேர் இறங்கியதும் அதே நேட்டாலில்தான்.

1946 ஜூலையில் அந்த நாட்டோடு எல்லா வியாபாரமும் சட்டப்படி நின்றது. விற்க மாட்டோம், வாங்க மாட்டோம் என்று சொன்னது இந்திய அரசு. இனவெறிக்காகத் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடை போட்ட முதல் நாடு இந்தியாதான். அப்போது இந்தியாவுக்கே சுதந்திரம் கிடையாது.

அதற்கு முன்னும் தடைகள் உண்டு. 1935-இல் அபிசீனியா மீது முசோலினி படையெடுத்தபோது சர்வதேச சங்கம் இத்தாலியைத் தண்டிக்கக் கிளம்பியது. போருக்கு உயிர்நாடியான எண்ணெயைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டு, வேறு சிலவற்றை மட்டும் தடுத்துப் பார்த்தது. தடை பலிக்கவில்லை. அதுவும் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது பாய்ந்த விவகாரம். தன் எல்லைக்குள் வாழ்பவர்களை ஓர் அரசு எப்படி நடத்துகிறது என்பதற்காகக் கடையை அடைப்பது வேறு வகை. அதன் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருந்தது. 1921 ஜூலை 31 அன்று பம்பாய்ப் பரேலில் காந்தி அந்நியத் துணி மலைக்குத் தீ வைத்தார். அன்று தனி மனிதன் தன் அலமாரியில் செய்ததை 1946-இல் ஓர் அரசு தன் துறைமுகங்களில் செய்தது.

காரணம், தென்னாப்பிரிக்காவின் பிரதமர் ஸ்மட்ஸ் கொண்டுவந்த ஆசியர் நில உரிமைச் சட்டம். இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழித்த சட்டம் அது. டர்பன் மக்கள் அதைச் சேரிச் சட்டம் என்றார்கள். 1946 ஜூன் 13 அன்று கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சேரும் மூலையில் இருந்த காலி மனையில் கூடாரம் அடித்து அமர்ந்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பிய டாக்டர் மாண்டி நாயக்கர். டிரான்ஸ்வாலிலிருந்து வந்து தோள்கொடுத்தவர் டாக்டர் யூசுப் தாதூ. பெண்களை அழைத்து வந்தவர்களில் டாக்டர் குணம் முக்கியமானவர். இரவில் வெள்ளைக்காரக் காலிகள் வந்து கூடாரத்தைப் பிய்த்தார்கள், அடித்தார்கள். போலீசோ அடிபட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. ஏறக்குறைய 2,000 பேர் சிறைக்குப் போனார்கள்.

தடை வேண்டும் என்று கேட்டதும் அவர்கள்தான். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுவே. கூடாரம் எழுவதற்கு முன்பே, 1946 மார்ச்சில், அவர்களுடைய தூதுக்குழு டெல்லிக்கு வந்து வைசிராய் வேவலைச் சந்தித்தது. தலைமை தாங்கியவர் சோராப்ஜி ருஸ்தம்ஜி. பம்பாயிலிருந்து டர்பன் போய்க் கடை வைத்து, காந்திக்குத் துணையாகச் சிறை சென்ற பார்சி ருஸ்தம்ஜியின் மகன். பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு செய்யுங்கள், முடியாதென்றால் உங்கள் ஹை கமிஷனரைத் திரும்ப அழையுங்கள், வியாபாரத்தை முறியுங்கள் என்றார்கள். டர்பனில் அவர்களுடைய கடைகள் இந்திய அரிசியையும் துணியையும் நம்பியிருந்தன. முதல் அடி தங்கள் மேல்தான் விழும் என்று தெரிந்தே கேட்டார்கள்.

வைசிராயின் நிர்வாகக் கவுன்சிலில் இந்தத் துறையைக் கவனித்தவர் நாக்பூரின் என். பி. காரே. காங்கிரசிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பின்னாளில் இந்து மகாசபைத் தலைவரானவர். மனித சமத்துவத்துக்காகப் போட்ட இந்தத் தடையை நகர்த்தியவர் இவர் என்பது வரலாற்றின் குறும்பு. நேரு இடைக்கால அரசில் அமரவே செப்டம்பர் ஆகிவிட்டது.

நஷ்டம் நமக்குத்தான் அதிகம். இந்தியாவின் ஏற்றுமதியில் சுமார் 5.5 சதவீதம் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்தது அதில் சிறு பங்கு. மக்காச்சோளம் கட்ட அவர்களுக்குக் கல்கத்தாச் சாக்கு இல்லாமல் முடியாது என்று இங்கே கணக்குப் போட்டார்கள். சாக்கு வேறு நாடுகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. வைரம் இன்னும் சாமர்த்தியசாலி. டி பீர்ஸ் லண்டனில் பல நாட்டுக் கற்களைக் கலந்து பொட்டலம் போட்டு விற்றது. லண்டனிலும் ஆண்ட்வெர்ப்பிலும் வாங்கி பம்பாய் ஆப்பரா ஹவுஸ் வட்டாரத்தில் பிரித்தபோது, எந்தக் கல் கிம்பர்லியில் தோண்டியது என்று யார் சொல்ல முடியும்?

பட்டைக்கு அப்படிக் குறுக்குவழி போதவில்லை. தோல் ஷாப்புகளின் தவிப்பைத் தீர்க்க, நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளை வனத்துறை வாட்டில் தோட்டமாக்கியது. நீலகிரியில் அதைச் சீகை என்பார்கள். பிறகு குரோம் வந்தது, பட்டைக்கு மவுசு போனது, மரம் மட்டும் பரவிக்கொண்டே இருக்கிறது. சோலைக்காட்டைக் காப்பாற்ற இன்று அதை வெட்டி எடுக்கிறார்கள். ஒரு தடையின் செலவைக் கொடைக்கானல் புல்வெளி கொடுத்தது என்று பொருளாதாரப் புத்தகங்களில் எழுத மாட்டார்கள்.

ஐ.நா. சாசனத்தின் முன்னுரையில் மனித உரிமையைப் பற்றி எழுதியவர் இதே ஸ்மட்ஸ். இந்தியர் நடத்தப்படும் விதம் பற்றி இந்தியா அங்கே புகார் கொண்டுபோனபோது, அவரே வந்து, இது எங்கள் உள்விவகாரம் என்றார். விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். 1946 டிசம்பர் 8 அன்று 32 நாடுகள் இந்தியா பக்கம், 15 எதிர்ப்பக்கம். ஆனாலும் உறுப்பு நாடுகளைத் தடை போடச் சொல்லிப் பொதுச்சபை கேட்டது 1962-இல்தான். ஆயுதத்துக்குக் கட்டாயத் தடை 1977-இல். ரீகனின் வீட்டோவை மீறி அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது 1986-இல். இந்த நீண்ட காலத்தில் ஐ.நா.வில் உட்கார்ந்து கோப்பை நகர்த்தியவர் பழைய மதராஸ் மாகாணத்து நெல்லூர் ஜில்லாக்காரர் இ. எஸ். ரெட்டி. நம்மூர்ப் பாடப் புத்தகத்தில் அவர் பெயரைப் பார்த்த நினைவில்லை. 1974-இல் தென்னாப்பிரிக்காவோடு ஆட வேண்டியிருந்த டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியையே இந்தியா விட்டுக்கொடுத்தது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடாமல் நின்றார்கள்.

இந்தியா தடையை விலக்கியது 1993-இல். அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரிலிருந்து அதுல் குப்தா என்பவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் இறங்கினார். கம்ப்யூட்டர் வியாபாரத்தில் தொடங்கிய குப்தா சகோதரர்கள், ஜேக்கப் ஜூமா அதிபராக இருந்தபோது அமைச்சர் பதவிகளையே பேரம் பேசினார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது, அவர்கள் மறுத்தார்கள். 2016-இல் அந்நாட்டுப் பெரிய வங்கிகள் அவர்களுடைய கணக்குகளை மூடின. மூடாமல் வைத்திருந்தது நம் பாங்க் ஆஃப் பரோடா. அதன் கார்ப்பரேட் அலுவலகம் பம்பாயின் பாந்த்ரா-குர்லா வளாகத்தில், மித்தி ஆற்றைத் தாண்டினால் தாராவி. 2018-இல் அந்த வங்கி தென்னாப்பிரிக்காவை விட்டே வெளியேறியது.

2019 அக்டோபரில் அமெரிக்கக் கருவூலத்துறை மூன்று குப்தா சகோதரர்கள் மீதும் ஊழலுக்காகத் தடை போட்டது. அதற்குப் பயன்பட்ட உலகளாவிய மக்னிட்ஸ்கி சட்டம் நாட்டை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கிறது: அமெரிக்க அதிகாரத்துக்கு உட்பட்ட சொத்து முடங்கும், அமெரிக்கர் யாரும் அவரோடு வியாபாரம் செய்யக் கூடாது. சாக்கு வியாபாரியும் தோல் ஷாப்பும் இதில் அடிபடுவதில்லை. பழையதைவிட நாகரிகமான ஆயுதம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் பெயர் பட்டியலில் ஏறும், யார் பெயர் ஏறாது என்பதை வாஷிங்டன் முடிவு செய்கிறது. கூடாரத்தில் உட்கார்ந்தவர்கள் அல்ல. 2022-இல் இரண்டு சகோதரர்கள் துபாயில் கைதானார்கள். தென்னாப்பிரிக்கா ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டது. 2023-இல் துபாய் நீதிமன்றம் மறுத்துவிட்டது.