கீப்பருக்கு மார்க் போடுவது எப்படி?

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் நம்ம பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. "இந்தியாவின் சிறந்த விக்கெட் கீப்பர் யார்?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். அஞ்சு நிமிஷத்தில் வரிசையாக 'தோனி', 'தல', மஞ்சள் இதயங்கள். சின்னப் பசங்க சிலர் 'பந்த்' என்றார்கள். 1988-ல் பத்தாவது முடித்த செட்டிலிருந்து ஒருவன் மட்டும் ஒரே வார்த்தை போட்டான்: "கிர்மானி". அவனை எல்லோரும் கலாய்த்துத் தீர்த்தார்கள். கடைசியில், "சார் சொல்லட்டும், அவர் சரித்திர வாத்தியாராச்சே" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரமாகத்தான் சொல்வேன். நல்லவேளையாக, இந்தக் கேள்விக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். அத்திப்பட்டில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, ஒரு பஸ் பிடித்தால் சேப்பாக்கம். இந்திய விக்கெட் கீப்பர்களின் கதையில் முக்கால்வாசி நம்ம சென்னையிலேயே நடந்திருக்கிறது.

1952 பிப்ரவரியிலிருந்து தொடங்குகிறேன். இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்டில் ஜெயித்தது அப்போதுதான், சேப்பாக்கத்தில், இங்கிலாந்தை எதிர்த்து. 12 விக்கெட் எடுத்த வினூ மன்கட்டின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற புரோபிர் சென் என்ற வங்காளத்துக்காரரை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அந்த டெஸ்டில் அவர் செய்த ஸ்டம்பிங் 5, அத்தனையும் மன்கட்டின் பந்தில். இந்தியாவின் முதல் வெற்றியில் ஒரு கீப்பரின் கை அவ்வளவு இருக்கிறது. என் அப்பா அந்த மேட்சைப் பற்றி நூறு தடவை பேசியிருப்பார். நூறு தடவையும் மன்கட் மட்டும்தான் வருவார்.

அடுத்து 1964 ஜனவரி. இந்தத் தடவை கார்ப்பரேஷன் ஸ்டேடியம், அதாவது பிற்பாடு நேரு ஸ்டேடியம். இங்கிலாந்துக்கு எதிராக புதி குந்தரன் ஓப்பனராக இறங்கி 192 அடித்தார். அவர் கீப்பர். இந்திய கீப்பர் ஒருவரின் அதிகபட்ச ஸ்கோராக அது 49 வருஷம் நின்றது. ஆனால் குந்தரன் மொத்தம் ஆடியது 18 டெஸ்ட்தான். அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1967-ல் எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் கிளவுஸ் வேறொருவர் கையில் இருந்தது. குந்தரன் இந்தியாவுக்காகப் பந்துவீச்சைத் தொடங்கிவைத்தார்!

அந்த வேறொருவர் ஃபரூக் இன்ஜினியர். 1967 ஜனவரியில் சேப்பாக்கத்தில், வெஸ்ட் இண்டீஸின் ஹால், கிரிஃபித், சோபர்ஸ், கிப்ஸ் எல்லோரும் வீச, முதல் நாள் லஞ்சுக்கு முன்பே 94 நாட் அவுட். ஆறு ரன்னில் ஒரு பெரிய சாதனை தவறிப்போனது. கடைசியில் 109. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் நாலு பேருக்கும் ஸ்டம்பை ஒட்டி நின்று பந்து பிடித்தவர் அவர். சந்திரசேகரின் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பேட்ஸ்மேனுக்கும் தெரியாது. கீப்பருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்போது கிர்மானிக்கு வருகிறேன். கர்நாடகத்துக்கு ஆடினாலும் அவர் பிறந்தது மெட்ராஸில், 1949-ல். சின்ன வயசில் தெருவில் ஆடும்போது கிளவுஸ் இல்லாமல் செங்கல்லைக் கையில் வைத்துப் பந்தைத் தடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 88 டெஸ்ட், 160 கேட்ச், 38 ஸ்டம்பிங். 1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராக கபில்தேவ் 175 அடித்தாரே, அப்போது ஒன்பதாவது விக்கெட்டுக்கு 126 ரன் சேர்க்கும்வரை எதிர்முனையில் அவுட் ஆகாமல் நின்றவர் கிர்மானி. அவர் கணக்கில் 24 ரன்தான். அந்த 24 இல்லாவிட்டால் அந்த 175 இல்லை.

ஆனால் கிர்மானியைப் பற்றி எனக்குப் பிடித்த எண் வேறு. 1981-82-ல் இங்கிலாந்து இங்கே வந்தபோது, தொடர்ந்து மூன்று டெஸ்டில் அவர் ஒரு பை ரன்கூட விடவில்லை. எதிரணி ஆயிரத்து தொள்ளாயிரம் ரன்னுக்கு மேல் அடித்திருக்கிறது. பை: 0. ஸ்கோர்போர்டில் அந்தப் பூஜ்யத்துக்கு யாரும் கை தட்ட மாட்டார்கள். ஆனால் அதுதான் கீப்பரின் செஞ்சுரி.

இப்பேர்ப்பட்டவரையே 1979-ல் இங்கிலாந்துப் பயணத்தில் கழற்றிவிட்டார்கள். அதனால் நம்ம ஊர் பரத் ரெட்டிக்கு வாய்ப்பு வந்தது. கேப்டனும் நம்ம வெங்கட்ராகவன். ஓவலில் 438 ரன் இலக்கு, கவாஸ்கர் 221. ஆட்டம் முடியும்போது இந்தியா 429க்கு 8, ஒன்பது ரன் பாக்கி. அப்போது அவுட் ஆகாமல் களத்தில் நின்ற இருவரில் ஒருவர் பரத் ரெட்டி. அந்தத் தொடரின் நாலு டெஸ்டோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கையும் முடிந்தது.

இந்த இடத்தில் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரித்திரத்தில் எல்லோர் தப்பையும் எழுதிவிட்டு நம்ம தப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது.

1987 கடைசி. பி.டி. சார் இல்லாததால் பள்ளி கிரிக்கெட் டீம் என் பொறுப்பில் இருந்தது. உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த திடல்தான் கிரவுண்டு. தரை வெடித்துக் கிடக்கும், பந்து எங்கே எழும்பும் எங்கே தாழும் என்று சொல்ல முடியாது. கீப்பர் விட்டால் பின்னால் சீமைக்கருவேல முள். தேடி எடுப்பதற்குள் நாலு ரன் ஓடிவிடுவார்கள். அந்தத் தரையில் ஒரு பையன் கீப்பிங் செய்தான். ஒல்லியான உடம்பு. விரல் கிழிந்த பழைய கிளவுஸை நூல் போட்டுத் தைத்துப் போட்டுக்கொள்வான். அவனைத் தாண்டி ஒரு பந்து போய் நான் பார்த்ததில்லை. ஆனால் பேட்டைக் கொடுத்தால் பத்து ரன் தாண்ட மாட்டான்.

ஜோனல் மேட்ச் வந்தது. நான் அவனை உட்கார வைத்துவிட்டு, நன்றாக அடிக்கிற இன்னொரு பையனிடம் கிளவுஸைக் கொடுத்தேன். "கீப்பிங் யார் வேணா பண்ணலாம்டா, ரன் யார் அடிக்கிறது?" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். புதுக் கீப்பர் 31 ரன் அடித்தான். எனக்குப் பெருமை. பிறகு எதிரணி ஆடியபோது பையாக மட்டும் 22 ரன் போனது. ஒரு சுலபமான ஸ்டம்பிங்கும் கேட்சும் கை நழுவின. இரண்டு விக்கெட்டில் தோற்றோம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பௌலர்களைத் திட்டினேன்.

உறைத்தது அடுத்த மாதம், பொங்கல் சமயத்தில். வெஸ்ட் இண்டீஸ் டெஸ்டின் கடைசி நாளுக்கு டிக்கெட் கிடைத்து சேப்பாக்கம் போயிருந்தேன். நரேந்திர ஹிர்வானி என்ற கண்ணாடி போட்ட பையன் அறிமுக டெஸ்டிலேயே 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தது அங்கேதான். ஊரே ஹிர்வானியைப் பார்த்தது. என் கண் கிரண் மோரே மேலே போய் நின்றது. இறங்கி வந்து அடிக்கப் பார்த்த பேட்ஸ்மேன்கள் திரும்புவதற்குள் பெயில் விழுந்துவிடும். அந்த ஒரே இன்னிங்ஸில் 5 ஸ்டம்பிங், மேட்சில் மொத்தம் 6. இரண்டும் உலக சாதனை. 36 வருஷத்துக்கு முன்னால் இதே சேப்பாக்கத்தில் மன்கட்டுக்கு சென் செய்ததை ஹிர்வானிக்கு மோரே செய்தார். "கீப்பிங் யார் வேணா பண்ணலாம்டா" என்று நான் சொன்னது அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எனக்கே கேட்டது.

அதே மோரே 1990-ல் லார்ட்ஸில் கிரஹாம் கூச் 36-ல் இருக்கும்போது ஒரு கேட்ச்சை விட்டார். கூச் 333 அடித்துவிட்டுத்தான் போனார். அந்த ஒரு தவறின் விலை 297 ரன். எந்த கீப்பர் பேட்டிங்கில் அதைத் திருப்பிக் கொடுக்க முடியும்?

மோரேக்குப் பிறகு நயன் மோங்கியா. 1999-ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோமே, முதுகுவலியோடு சச்சின் 136 அடித்த மேட்ச். அவரோடு ஆறாவது விக்கெட்டுக்கு 136 ரன் சேர்த்தவர் மோங்கியா. அவர் 52. அதன் பிறகு காலம் மாறியது. ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் வந்து கீப்பர் என்றால் ரன்னும் அடிக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார். 2003 உலகக் கோப்பையில் நாம் திராவிட் கையிலேயே கிளவுஸைக் கொடுத்தோம்.

நம்ம தினேஷ் கார்த்திக் 2004-ல் லார்ட்ஸில் தன் முதல் ஒருநாள் போட்டியில், ஹர்பஜன் பந்தில் மைக்கேல் வானை லெக் சைடில் ஸ்டம்ப் செய்ததைப் பார்த்து, இனி பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்று நினைத்தேன். 2005 டிசம்பரில் அவருடைய இடத்தில் தோனி தன் முதல் டெஸ்டை ஆடினார். எங்கே? சேப்பாக்கத்தில்தான்! மழையில் பாதி போன மேட்ச் அது. 2013-ல் அதே சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 224 அடித்து, குந்தரனின் 192-ஐத் தாண்டியவரும் தோனியே. கார் விபத்திலிருந்து எழுந்துவந்த ரிஷப் பந்த் அதற்குப் பிறகு ஆடிய முதல் டெஸ்டில் 109 அடித்ததும் இங்கேதான், 2024-ல்.

சரி, மார்க் போடுகிறேன். பாடத்துக்குத் தியரி, பிராக்டிகல் என்று இரண்டு உண்டல்லவா? கீப்பருக்கும் இரண்டு தாள். இரண்டையும் கூட்டி ஒரே மார்க் போடுவதால்தான் சண்டை வருகிறது.

முதல் தாள், கை மட்டும். பேட்டை வெளியே வைத்துவிட்டு வரவும். இதில் நான் பார்த்தவர்களில் கிர்மானி முதலிடம். அடுத்து விருத்திமான் சாஹா. 2018-ல் கேப் டவுனில் ஒரே டெஸ்டில் 10 கேட்ச் பிடித்தவர். அவருக்கும் பேட்டிங்கைக் காட்டித்தான் இடம் போனது. மூன்றாவது மோரே.

இரண்டாம் தாள், மொத்த ஆட்டம். இதில் தோனிதான், சந்தேகமே வேண்டாம். 90 டெஸ்டில் 294 பேரை வெளியேற்றியிருக்கிறார். மூன்று வகை ஆட்டத்திலும் சேர்த்து 195 ஸ்டம்பிங், உலகத்தில் யாருக்கும் இல்லை. கேப்டனாக ஜெயித்த கோப்பைகள் தனி. பந்தோடு கையைப் பின்னால் இழுக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை, அவரே கண்டுபிடித்தது. ஆனால் டெஸ்டில் வேகப்பந்துக்கு அவருக்கும் முதல் ஸ்லிப்புக்கும் நடுவே போன பந்துகளுக்காக நான் இரண்டு மார்க் குறைப்பேன். தோனிக்கு அடுத்து கிர்மானி, இன்ஜினியர், பந்த், மோரே. பந்த் இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார். 2025-ல் ஹெடிங்லியில் இரண்டு இன்னிங்ஸிலும் செஞ்சுரி அடித்தார். பேப்பரை வாங்கிய பிறகு திருத்திக்கொள்ளலாம்.

இப்போது பாக்கி ஒன்று. அந்த ஒல்லிப் பையன் அந்த மேட்ச்சுக்குப் பிறகு திடலுக்கு வரவில்லை. பொங்கல் லீவு முடிந்து நான் கூப்பிட்டபோது, "பரீட்சை வருது சார்" என்றான். மார்ச்சில் பத்தாவது முடித்து வேலைக்குப் போய்விட்டான். நான் மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் வாத்தியார்கள் பையன்களிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை.

குழுவில் 'கிர்மானி' என்று போட்டவன் அவன்தான். செவ்வாய்க்கிழமை போன் செய்து, இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "பேர் போடாதீங்க சார்" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "22 பை சார், நான் வெளிய உட்காந்து எண்ணிட்டு இருந்தேன்" என்றான். 38 வருஷமாக அந்த எண் அவனுக்கும் மறக்கவில்லை, எனக்கும் மறக்கவில்லை.

தம்பி, அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னேன், இன்றைக்கும் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். கீப்பிங் யார் வேணாலும் பண்ண முடியாது. நான் போட்ட மார்க் தப்பு. என்னை மன்னித்துவிடு.

மற்றவர்கள் உங்கள் பட்டியலைக் கீழே எழுதுங்கள். இரண்டு தாளுக்கும் தனித்தனியாக. மஞ்சள் இதயம் மட்டும் போட்டால் மார்க் கிடையாது!

அன்புடன்,
உங்கள் பழைய சரித்திர வாத்தியார்,
அத்திப்பட்டு.