காப்பகம் மூடினால் பூனைகள் எங்கே போகும்?

பூனைக் காப்பகம் மூடப்படும்போது, மடியில் ஏறிப் படுக்கும் பூனைகளுக்கு ஓரளவு எளிதில் வீடு கிடைக்கும். சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் தேவை; சன்னலுக்கு வலை போடுவதும் நல்லது.

கடைசிவரை கூண்டில் மிஞ்சுபவை ஆளைக் கண்டால் சீறும் பூனைகளே. குட்டியாக இருந்த முதல் இரண்டு மாதங்களில் மனிதக் கை படாதவை பெரும்பாலும் மடிக்கு வருவதில்லை. இரக்கப்பட்டு அவற்றை அடுக்குமாடி வீட்டில் அடைத்தால் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். பண்ணை, நாற்றங்கால், கிடங்கு போன்ற இடங்களே அவற்றுக்கு ஏற்றவை. கருத்தடை செய்திருக்க வேண்டும். காது நுனி வெட்டியிருந்தால் அது முடிந்ததற்கு அடையாளம்.

கொண்டுபோன அன்றே திறந்துவிடாதீர்கள். கோணியில் கட்டித் தூரத்தில் விட்ட பூனை வீடு திரும்பிய கதை தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். திரும்ப முயன்று சாலையில் அடிபட்டவற்றைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. மூன்று, நான்கு வாரம் பெரிய கூண்டில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் உணவு கொடுங்கள். அது படுத்திருந்த பழைய துணியைத் துவைக்காமல் உள்ளே போடுங்கள். கூடி வாழ்ந்த பூனைகளைப் பிரிக்க வேண்டாம். கிடங்கில் எலி இருக்கிறதே என்று சோற்றை நிறுத்தினால், பூனை வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.