தொட்டுணர் தரைக்கற்கள்

தொட்டுணர் தரைக்கற்கள், பார்வையற்றோர் பாதத்தாலும் வெண்கோலாலும் தடம் அறிவதற்காகச் சாலையோரங்களிலும் ரயில் நடைமேடைகளிலும் பதிக்கப்படும் புடைப்புள்ள கற்கள். குமிழ்க்கல் நின்று கவனிக்கச் சொல்லும். நீள்வரிக்கல் செல்லும் திசையைக் காட்டும். இவை வருவதற்கு முன் தெருவில் பெரும்பாலும் வெண்கோலும் பிறர் கையுமே துணை.

இக்கல்லை 1965இல் உருவாக்கியவர் ஜப்பானின் ஒக்கயாமா நகரைச் சேர்ந்த செயிச்சி மியாக்கே. அவர் விடுதி நடத்தி வந்தவர். சாலையைக் கடந்த பார்வையற்றவர் ஒருவரை ஒட்டி உரசுவதுபோல் கார் பாய்ந்ததைக் கண்டதே அவரைத் தூண்டியது என்பது ஒரு குறிப்பு. பார்வை இழந்த நண்பர் ஹிதெயுக்கி இவாஹாஷியின் பேச்சே வித்து என்பது இன்னொன்று: பாசித்தரை முடிந்து மண் தொடங்கும் இடம் செருப்பைத் தாண்டியும் காலுக்குத் தெரியும் என்றாராம் அவர். இரண்டுமே நடந்திருக்கலாம், கல்லின் அமைப்புக்குப் பொருந்தி வருவது இரண்டாவது.

1967 மார்ச் 18 அன்று ஒக்கயாமா பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே, இரண்டாம் எண் தேசிய நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் முதன்முதலாக 230 கற்கள் பதிக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகள் வாங்குவார் அதிகமில்லை. மியாக்கே பல ஊர்களுக்குக் கற்களை இலவசமாகவே கொடுத்தார். 1970இல் தோக்கியோவின் தக்காதனோபாபா பகுதித் தெருக்கள் இவற்றை ஏற்றன. அதே ஆண்டு ஒசாக்காவின் அபிக்கோச்சோ நிலைய நடைமேடையிலும் இடம்பெற்றன. ஆனால் தக்காதனோபாபா ரயில் நிலையத்தில் அப்போது கற்கள் இல்லை. 1973இல் அங்கே தண்டவாளத்தில் விழுந்த பார்வையற்றவர் ஒருவர் ரயிலில் அடிபட்டு இறந்தார். அவர் குடும்பத்தார் தேசிய ரயில்வே மீது தொடுத்த வழக்கு 1986இல் சமரசத்தில் முடிந்தது. நடைமேடைகளில் கற்கள் பரவியதற்கு இத்தகைய வழக்குகள் எவ்வளவு காரணம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பார்வையற்றோரின் விடாப்பிடியான போராட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. மியாக்கே 1982இல் காலமானார்.

குமிழின் அளவும் வரிசையும் ஊருக்கு ஊர் வேறுபட்டதால், ஓரிடத்தில் பழகிய கால் வேறிடத்தில் தடுமாறியது. ஜப்பான் 2001இல் புடைப்பின் உயரம் 5 மி.மீ. எனத் தரம் வகுத்தது. 2012இல் பன்னாட்டுத் தரம் வந்தது. சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் முதியோருக்கும் புடைப்பு இடைஞ்சல் என்ற முறையீடு இன்னும் தீரவில்லை. நடைபாதையின் அழகு கருதிச் சாம்பல் நிறக் கல் இடும் வழக்கமும் உண்டு. ஆனால் இக்கற்களின் வழக்கமான மஞ்சள் நிறம் வெறும் அலங்காரமன்று. மங்கலான பார்வை உள்ளவர்களுக்கு அதுவே வழிகாட்டி.

இந்தியாவில் பலர் இக்கற்களை முதலில் மிதித்தது மெட்ரோ ரயில் நிலையங்களில்தான். பொது இடங்கள் அனைவரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்னும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. சென்னை உள்ளிட்ட நகரங்களில் புதிதாக அமைக்கும் நடைபாதைகளிலும் கற்கள் பதிக்கப்படுகின்றன. சில இடங்களில் மஞ்சள் வரிசை மின்மாற்றிப் பெட்டியிலோ மரத்தடியிலோ முட்டி நிற்கிறது, சில இடங்களில் அதன்மேல் இருசக்கர வண்டிகள் நிறுத்தப்படுகின்றன.