பால்மரத்துக்குப் பூட்டுப் போட்ட ஒப்பந்தங்கள்

ஜொகூரில் பால் வெட்டியவர்களின் கூலியை லண்டனில் போட்ட கையெழுத்துகளே ஆட்டிவைத்தன. 1922இல் பிரிட்டன் கொண்டுவந்த ஸ்டீவன்சன் திட்டம் மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. டச்சுக்காரர்கள் சேரவில்லை, மலாயா குறைத்ததை அவர்கள் விற்றார்கள். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஊருக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்.

1934இல் பிரிட்டன், இந்தியா, ஹாலந்து, பிரான்ஸ், சயாம் ஆகியவை அனைத்துலக ரப்பர் ஒப்பந்தம் செய்துகொண்டன. விலை ஏறியது உண்மை. யாருக்கு லாபம் என்பதே கேள்வி. ஏற்றுமதி ஒதுக்கீட்டில் பெருந்தோட்டங்களுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள், மூவார், பத்து பகாட் சிறுதோட்டக்காரர்களுக்குக் கிள்ளித்தான் கொடுத்தார்கள்.

1938இல் விலை சரிந்து ஒதுக்கீடும் குறைந்தபோது, ஆண் தொழிலாளியின் நாள்கூலி 50 காசிலிருந்து 45 காசாக வெட்டப்பட்டது. பெண்களுக்கு அதற்கும் குறைவு. அவ்வாண்டு ஜூனில் இந்திய அரசு, பயண உதவியுடன் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. ஒதுக்கீட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்ததும் அதே இந்திய அரசுதான்.