மலையேறாத குடும்பம்

கன்னியர் மடத்துப் பள்ளி மண்டபத்தில், சன்னல்களை எல்லாம் போர்வையால் மூடிவிட்டு, வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டி அருட்சகோதரிகள் எங்களுக்குக் காட்டிய முதல் ஆங்கிலப் படம் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’. நம் வாசகர்களுள் பலருக்கும் அவ்வாறே இருந்திருக்கக்கூடும். இறுதியில் கணவரோடும் ஏழு பிள்ளைகளோடும் மரியா மலையேறித் தப்பும்போது மண்டபமே கைதட்டியது. இது உண்மையில் நடந்த கதை என்று சகோதரி ஒருவர் சொன்னதும் எங்கள் மகிழ்ச்சி இரட்டித்தது.

பல ஆண்டுகள் கழித்து ஐரோப்பிய வரைபடம் ஒன்றை விரித்துப் பார்த்தபோது திகைத்துப் போனேன். சால்ஸ்பர்க் நகரை அடுத்துள்ள அந்த மலையின் மறுபுறம் சுவிட்சர்லாந்து இல்லை, ஜெர்மனிதான் இருக்கிறது. அதிலும், ஹிட்லரின் மலைமாளிகை அமைந்திருந்த பெர்க்டெஸ்காடன் வட்டாரம் அது. திரையில் கண்டபடி நடந்திருந்தால், அக்குடும்பம் எவனுக்கு அஞ்சி ஓடியதோ அவன் வாசற்படியிலேயே போய் இறங்கியிருக்கும்.

உண்மையில் அவர்கள் மலையேறவில்லை. 1938-இல், பட்டப்பகலில், பாட்டுக் கச்சேரிக்குச் செல்வோர் போல இரயிலேறி இத்தாலிக்குச் சென்றார்கள். அங்கிருந்து இலண்டன், பிறகு கப்பலில் அமெரிக்கா. குடும்பத் தலைவர் ஜார்ஜ் வான் ட்ராப் பிறந்த ஸாரா நகரம் முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலியின் வசமாயிற்று; அதனால் அவருக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது. இதைப் படமாக்கினால் யார் கைதட்டுவார்கள்?

இத்தகைய கற்பனையைப் பெருங்குற்றமாகக் கொள்ள எனக்கு மனமில்லை. நமக்கு அது புதிதுமன்று. நற்செய்தி நூல்களில் புனித சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. ஆயினும் வீரமாமுனிவர் அவரைத் தலைவராக்கி மூவாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். அதைப் படித்து எவரும் ஏமாந்ததில்லை; காப்பியம் என்று தெரிந்தே படிக்கிறோம். புனிதர் வரலாறுகளில் காலந்தோறும் கட்டுக்கதைகள் சேர்ந்ததையும் திருச்சபை அறியும். அவற்றைச் சலித்தெடுக்கவே பொல்லாந்திஸ்டுகள் எனப்படும் இயேசு சபை அறிஞர்கள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து உழைத்து வருகின்றனர். திரைப்படத்தின் நிலை வேறு. அங்கே மனிதர் முகத்தோடும் குரலோடும் வருகிறார். ‘உண்மைக் கதை’ என்ற முத்திரையும் சேர்ந்துவிட்டால், பார்த்தவர் மனத்தில் அந்த முகமே வரலாறாகிவிடுகிறது.

ஆகவே, எவ்வளவு மாற்றினார்கள் என்று எண்ணிப் பார்ப்பதைவிட, மாற்றியதால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதே பொருந்தும்.

மரியா நோன்பெர்க் மடத்திலிருந்து அவ்வீட்டுக்கு வந்தது 1926-இல். ஏழு பிள்ளைகளையும் கவனிக்க அன்று; நோயுற்றிருந்த ஒரு சிறுமிக்குப் பாடம் சொல்லித்தர. திருமணம் 1927 நவம்பரில். நாத்சிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது அவர்களுக்கு மணமாகிப் பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. மேலும் இரண்டு பெண்குழந்தைகள் பிறந்திருந்தனர். படம் அத்தனை ஆண்டுகளைச் சில மாதங்களாகச் சுருக்கிவிட்டது. போகட்டும், மூன்று மணி நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும்? பிள்ளைகளின் பெயர்களையும் வயதுகளையும் மாற்றினார்கள். அது ஒருவகையில் நேர்மை என்பேன். பெயரை மாற்றியவர், ‘இவர் அவரல்லர்’ என்று நமக்குச் சொல்லிவிடுகிறார்.

தந்தையின் பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அவர் கையில் ஓர் ஊதலையும் கொடுத்தார்கள்.

அந்த ஊதல் உண்மையானது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தலைமை தாங்கியவர் அவர். வீட்டைச் சுற்றிய தோட்டம் பெரிது. கூப்பிட்டால் குரல் எட்டாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி ஓசை வைத்து ஊதுவார். கேட்டதும் ஓடி வருவார்கள். பிள்ளைகளின் நினைவில் அது அன்பான அழைப்பு. திரையிலோ, பிள்ளைகளைப் படைவீரர்போல் வரிசையில் நிறுத்தும் கொடுங்கோலின் அடையாளம். பொய்யான பொருள் ஒன்றும் அங்கே சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளதை வைத்துக்கொண்டே இல்லாத மனிதர் ஒருவரைப் படைத்துவிட்டார்கள்.

இசையை வெறுத்தவராக அவரைக் காட்டினார்கள். அவரோ வயலின் வாசிப்பவர். மரியா வருவதற்கு முன்பே அவ்வீட்டில் பாட்டும் இசைக்கருவிகளும் இருந்தன. சினத்தில் சட்டென்று வெடிப்பவர் உண்மையில் மரியாவே என்று பிள்ளைகள் பின்னாளில் கூறியுள்ளனர். கணவரின் மென்மை மனைவிக்குப் போயிற்று. மனைவியின் கடுமை கணவருக்கு வந்தது. அவரைச் சற்று இளகிய மனத்தவராகக் காட்டுமாறு மரியாவே கேட்டும் பயனில்லை. 1956-இல் ஜெர்மன் படக் குழுவினருக்கு 9,000 டாலருக்குக் கதையுரிமையை விற்றுவிட்டதால், அவர் சொல்லுக்கு வலுவில்லாமற் போயிற்று. 1959-இல் அமெரிக்க மேடை நாடகமும் 1965-இல் இப்படமும் வந்தபோது தம் தரப்பைச் சொல்ல ஜார்ஜ் உயிரோடு இல்லை, 1947-இலேயே இறந்துவிட்டார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1930-களின் நடுவில் அவர்கள் இல்லச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்ற வந்தவர் அருட்தந்தை பிரான்ஸ் வாஸ்னர். வீட்டுப் பாட்டைத் தேர்ந்த பாடகர் குழுவாக்கியவர் அவரே. நாட்டை விட்டு அவர்களோடு வெளியேறி, சுமார் இருபது ஆண்டுகள் அக்குழுவை நடத்தினார். ஜெர்மன் படத்தில் அவர் இருக்கிறார். அமெரிக்க நாடகத்தில் குருவானவர் மறைந்துபோய், அவர் இடத்தில் மாக்ஸ் என்னும் கச்சேரித் தரகர் ஒருவர் வந்து நிற்கிறார். மடத்துக் கன்னியர் பாடுவதை அவ்வளவு அழகாகக் காட்டிய படம், உண்மையில் பாடக் கற்றுத்தந்த குருவை வழியிலேயே இறக்கிவிட்டது வேடிக்கைதான்.

வறுமையும் விடுபட்டது. 1935-இல் வங்கி ஒன்று முறிந்ததில் அவர்கள் செல்வம் பெரும்பாலும் போயிற்று. வேலையாட்களை அனுப்பிவிட்டு, வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தார்கள். மேடையேறிப் பாட நேர்ந்ததற்கு அத்தேவையும் ஒரு காரணம். இந்த நிலையில்தான் ஜெர்மானியக் கடற்படைப் பதவி தேடி வந்தது. மருத்துவரான மூத்த மகனுக்கு வியன்னாவில் நல்ல வேலை வந்தது. ஹிட்லரின் பிறந்தநாளில் பாட அழைப்பும் வந்தது. மூன்றையும் மறுத்தார்கள். செல்வச் சீமான் பதவியை மறுப்பது ஒன்று. வாடகைப் பணத்தில் வாழ்பவர் மறுப்பது வேறொன்று. படம் கற்பனையாகச் சேர்த்த மலையைவிட இது உயரமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டும் உண்டு. 1984-இல் வெளிவந்த ‘அமதேயுஸ்’ படத்தைப் பார்த்தவர்கள், மோட்சார்ட்டைப் பொறாமையால் சாவுக்கு விரட்டியவர் சாலியெரி என்றே நம்புகின்றனர். படத்தில் அவர் பிரமச்சரியம் காக்க இறைவனுக்கு வாக்களிக்கிறார். உண்மைச் சாலியெரிக்கு மனைவியும் எட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும், ஏன், மோட்சார்ட்டின் மகனுக்குமே கற்பித்தவர் அவர். 1785-இல் இருவரும் இணைந்து இசையமைத்து, தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட சிறு படைப்பு ஒன்று 2015-இல் பிராக் நகர அருங்காட்சியகத்தில் கிடைத்தது. கொலைப்பழியோ 1830-இல் புஷ்கின் எழுதிய நாடகத்திலேயே மேடைக்கு வந்துவிட்டது. உயர்ந்த படந்தான், மறுக்கவில்லை. ஆனால் பிறர்க்கெதிராகப் பொய்ச்சான்று சொல்லலாகாது என்னும் கட்டளை, அந்தப் பிறர் உயிரோடிருந்தால் மட்டுமே பொருந்தும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

ட்ராப் குடும்பத்து மூத்த மகள் அகாத்தே, திரையில் தம் தந்தைக்கு நேர்ந்ததைப் பல்லாண்டுகள் மனத்தில் சுமந்திருந்தார். ஏறத்தாழத் தொண்ணூறாம் வயதில் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். 2010-இல் அவர் மறைந்தார். அந்நூலில் வரும் தந்தை பிள்ளைகளோடு அமர்ந்து இசைக்கிறார். ஊதலும் அதில் இருக்கிறது.